நாலு செல் பேட்டரிக்கு வாங்கிய சார்ஜ் அளக்கும் போர்டு

மன்னார்குடி பக்கம் வயல் கொட்டகை விளக்குக்கு நாலு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல், 20 ஆம்பியர் ஹவர் பேக்கில் இதை மாட்டினேன். முதல் வாரம் ஒரே கடுப்பு. சார்ஜ் சதவீதம் ஒழுங்காக வந்தது, மீதி வாட் ஹவர் மட்டும் உளறிக்கொண்டிருந்தது. 12.8 வோல்ட்டை 20-ஆல் பெருக்கினால் 256 வாட் ஹவர், அதாவது 2,56,000 மில்லிவாட் ஹவர், ஆனால் பேக்கின் மொத்த ஆற்றலை மில்லிவாட் ஹவரில் போடும் டிசைன் எனர்ஜி கட்டம் மைனஸ் எண்ணுக்கும் இடம் விட்ட 16 பிட் என்பதால் 32,767-க்கு மேல் ஏற்காது. அந்த எண்ணை எத்தனையால் வகுத்துப் போடுகிறோம் என்று சொல்லும் எனர்ஜி ஸ்கேலை 10 ஆக்கி 25,600 என்று போட்டேன், சரியாகிவிட்டது. கையேட்டில் இதற்கு ஒரு வரி கூட இல்லை. விற்றவரோ "அப்படியே மாட்டுங்க சார்" என்றார்! அப்புறம் ஒருமுறை முழுக்க ஏற்றி, ஆறவிட்டு, முழுக்க இறக்கி, பேட்டரியின் உண்மையான கொள்ளளவைப் போர்டுக்குப் பழக்க வேண்டியிருந்தது. இப்போது ராத்திரி மடை பார்க்கப் போகும்போது அது காட்டும் கணக்கை நம்ப முடிகிறது. ஈரத்தில் கனெக்டர் பச்சை பூக்கிறது, வார்னிஷ் அடித்துவிடுங்கள்.