மார்பக அறுவை சிகிச்சைக்குப் பின் கை வீக்கம்: நீவி விடுவதா, கட்டுப் போடுவதா?

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்யும்போது அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளையும் (திசுக்களிலிருந்து வடியும் நிணநீர் என்ற நீரை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) எடுத்துவிட்டால், அந்தப் பக்கத்துக் கை பின்னாளில் வீங்க வாய்ப்பு உண்டு. முடிச்சுகளை மொத்தமாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. சோதனைக்காக ஓரிரண்டு மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்குத்தான். வீக்கம் வந்ததும் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்: மசாஜ் செய்யுங்கள், கட்டுப் போடுங்கள், பம்ப் மெஷின் வாங்குங்கள், கையை அசைக்கவே அசைக்காதீர்கள். கடைசி யோசனை தவறு. மற்ற மூன்றில் எதற்குப் பணமும் நேரமும் செலவழிக்கலாம் என்பதுதான் கேள்வி.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். அறுவை சிகிச்சை முடிந்த முதல் சில வாரங்களில் வரும் வீக்கம் காயம் ஆறும் வீக்கம். பெரும்பாலும் தானாக வடிந்துவிடும். நான் இங்கே பேசுவது மாதங்கள் கழித்தோ வருடங்கள் கழித்தோ வந்து, போகாமல் தங்கிவிடும் வீக்கத்தைப் பற்றி. தையல்காரர் டேப் ஒன்று இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு கைகளிலும் மணிக்கட்டிலிருந்து ஒரே தூரத்தில் குறி வைத்து அளந்து, எங்காவது 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அதற்கு முன்பே ரவிக்கைக் கை பிடிக்கும், வளையல் ஏறாது. டேப்பைவிட அவை சீக்கிரம் சொல்லிவிடும்.

நிணநீர் மசாஜுக்குத்தான் பெயர் அதிகம். டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடரும் மனைவி எஸ்ட்ரிடும் 1930களில் பிரான்சில் உருவாக்கிய முறை இது. நம் ஊரில் மசாஜ் என்றால் எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடிப்பது. இது அதற்கு நேர் எதிர். எண்ணெய் கிடையாது. சதையை அழுத்தவே கூடாது. தோலை மட்டும் மெதுவாக ஒரு பக்கமாக இழுத்து விடுவார்கள். நிணநீரின் நுண்குழாய்கள் தோலுக்கு அடியிலேயே இருப்பதால் அந்த அளவு போதும்.

என் சித்திக்குச் சிகிச்சை நடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பிசியோதெரபிஸ்ட் பெண் கழுத்தில் ஆரம்பித்து, நல்ல பக்கத்து அக்குளுக்கு வந்து, நெஞ்சின் குறுக்கே நீவிக்கொண்டிருந்தாள். கைக்கு இன்னும் வரவே இல்லை. சித்திக்குப் பொறுக்கவில்லை.

“ஏம்மா, வீங்குனது கையி. நீ கழுத்தைத் தடவிக்கிட்டிருக்கியே?”

“மேல வழி விட்டாத்தாம்மா கீழ இருக்கிறது ஏறும். கைக்குக் கடைசியில வருவேன்.”

அவள் சொன்னதுதான் இந்த முறையின் சாரம். நிணநீர் கடைசியில் கழுத்தடியில் இருக்கும் பெரிய சிரைகளில் போய்ச் சேருகிறது. வழக்கமான பாதை அடைபட்டதால் வேறு பாதைக்குத் திருப்பிவிடப் பார்க்கிறார்கள். முடிந்ததும் கை லேசாக இருக்கும், தூக்கம் வரும். சித்திக்கு அந்த ஒரு மணி நேரம் மிகவும் பிடித்திருந்தது.

சரி, வீக்கம் எவ்வளவு குறைகிறது? இங்கேதான் மசாஜின் பெயருக்கும் வேலைக்கும் இடைவெளி தெரிகிறது. பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2015 தொகுப்பாய்வு இப்படிச் சொல்கிறது: கட்டு மட்டுமே போட்டவர்களுக்கு வீக்கம் 30 முதல் 39 சதவீதம் வரை குறைந்தது; கட்டோடு மசாஜும் சேர்த்தபோது கூடுதலாகக் கிடைத்தது சுமார் 7 சதவீதம். அந்தக் கூடுதலும் வீக்கம் குறைவாக இருந்தவர்களுக்கே அதிகம் தெரிந்தது. பெல்ஜியத்தின் லூவன் நகரில் அறுவை சிகிச்சை முடிந்த 160 பேரிடம், மசாஜ் செய்தால் வீக்கம் வராமலே தடுக்கலாமா என்று பார்த்தார்கள். 2011இல் வந்த முடிவு: உடற்பயிற்சியோடு மசாஜைச் சேர்த்ததால் பெரிய வித்தியாசம் ஏதும் தெரியவில்லை. இதற்கு முந்தைய வருடம் ஸ்பெயினிலிருந்து வந்த ஆய்வு ஒன்று நேர்மாறாக, நல்ல பலன் என்றது. ஆனால் அங்கே மசாஜ், தழும்பை நீவுதல், தோள் பயிற்சி எல்லாம் ஒரே பொட்டலமாகக் கொடுக்கப்பட்டன. எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இனி கட்டு. பார்க்க அழகில்லை, கசகசவென்று இருக்கும், ஆனால் வேலை செய்வது இதுதான். நம் ஊரில் அடிக்கடி நடக்கும் தவறு, மெடிக்கல் ஷாப்பில் கிரேப் பேண்டேஜ் வாங்கித் தாங்களே சுற்றிக்கொள்வது. கிரேப் நன்றாக இழுபடும் துணி. கை அசையும்போது அதுவும் சேர்ந்து விரிந்து கொடுக்கும், சும்மா இருக்கும்போது இறுக்கும். நமக்குத் தேவை அதற்கு நேர்மாறு: அதிகம் இழுபடாத, இதற்கென்றே உள்ள பேண்டேஜ். அது விறைப்பாக நிற்பதால், கையை மடக்கி நீட்டும்போது உள்ளே தசை உப்பி அதன்மேல் மோதும். நீர் மேலே ஏறும். ஆகவே கட்டுப் போட்டுக்கொண்டு சும்மா படுத்திருப்பதில் பாதிப் பலன் வீண்.

கட்டும் விதத்திலும் சூட்சுமம் இருக்கிறது. முதலில் பருத்தி உறை, அப்புறம் விரல்களுக்குத் தனித்தனியாகச் சின்னச் சுருள், அதன்மேல் பஞ்சு, கடைசியில்தான் பேண்டேஜ். உள்ளங்கைப் பக்கம் அடுக்கு அதிகம், மேலே போகப் போகக் குறைவு. மாற்றிக் கட்டினால் நீர் விரல்களில் வந்து தேங்கும். விரல் நுனி நீலமாகவோ மரத்துப் போகிற மாதிரியோ ஆனால் உடனே அவிழ்த்துவிட வேண்டும். இதைக் கற்றவர் ஒருவர் முதலில் கட்ட வேண்டும். பிறகு வீட்டில் ஒருவர் பழகிக்கொள்ளலாம்.

இரண்டு முதல் நான்கு வாரம் இரவும் பகலும் கட்டு. வீக்கம் வடிந்தபின் அந்த அளவை நிறுத்தி வைக்க ஸ்லீவ், அதாவது கையை இறுக்கிப் பிடிக்கும் இழுவை உறை. வரிசையை மாற்றக் கூடாது. வீங்கிய கைக்கு அளவெடுத்து ஸ்லீவ் வாங்குவது அந்த வீக்கத்துக்கே சட்டை தைத்த மாதிரி. பகல் முழுக்கப் போட வேண்டும், தினமும் துவைக்க வேண்டும். ஆகவே இரண்டு வேண்டும். ஆறு மாதம் போனால் இழுவை தளர்ந்துவிடும், புதிது வாங்க வேண்டும். மேல் விளிம்பு சுருண்டு மடங்கினால் அந்த இடம் கயிறு கட்டியது போல இறுக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் இதைப் போட்டுக்கொண்டு அடுப்பு முன் நிற்பது லேசான காரியம் இல்லை. கழற்றி வைத்துவிடுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மசாஜுக்கு ஆள் சேர்வதும் ஸ்லீவ் பீரோவில் கிடப்பதும் இதனால்தான்.

பம்ப் மெஷின் பற்றி அதிகம் சொல்ல இல்லை. காற்று நிரம்பும் உறைக்குள் கையை விட்டால் கீழிருந்து மேலாக அழுத்திக்கொண்டே வரும். கட்டுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், மாற்றாக வைக்க முடியாது. நீரைத் தோள் வரை தள்ளிவிட்டு அது நின்றுவிடும். நிணநீர்க் குழாயைச் சிரையோடு தைக்கும் நுண் அறுவை சிகிச்சையும் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குழாய்களைத் தைப்பது அது. அதற்குப் பிறகும் பலர் ஸ்லீவ் போட வேண்டியிருக்கிறது.

காசு செலவில்லாத வழி உடற்பயிற்சி. “குடம் தூக்காதே, பை தூக்காதே” என்று காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள். 2009இல் அமெரிக்காவில் ஏற்கெனவே கை வீங்கிய 141 பெண்களில் பாதிப் பேருக்கு வாரம் இரண்டு முறை எடை தூக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள், ஸ்லீவ் போட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி. தூக்கியவர்களில் வீக்கம் முற்றியது 14 சதவீதம் பேருக்கு, தூக்காதவர்களில் 29.

என்னைக் கேட்டால் பணம் முதலில் கட்டுக்கும் ஸ்லீவுக்கும், நேரம் உடற்பயிற்சிக்கும், மிச்சம் இருந்தால் மசாஜுக்கு. ஆனால் வீக்கம் மார்பிலோ முதுகுப் பக்கமோ இருந்தால் அங்கே கட்டு சரியாக நிற்காது. அப்போது மசாஜ்தான் முதல் வழி. தொண்டை, தாடை அறுவை சிகிச்சைக்குப் பின் முகம் வீங்கியவர்களுக்கும் அப்படியே. மூட்டு மாற்றியவர்களுக்கு மசாஜின் பலன் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. பியூட்டி பார்லர்களில் ‘டீடாக்ஸ்’ என்று விற்கப்படுவதை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

இதய பலவீனம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இவற்றில் எதையும் தொடங்கக் கூடாது. திடீரென்று கை முழுக்க வீங்கி வலித்தால் அது ரத்தக் கட்டியாக இருக்கலாம், முதலில் ஸ்கேன். அரிவாள்மனைக் கீறலோ கொசுக்கடியோ பட்ட இடம் சிவந்து, தொட்டால் சூடாக இருந்து, குளிர் காய்ச்சல் வந்தால் மசாஜையும் கட்டையும் நிறுத்திவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஆன்டிபயாடிக் ஆரம்பிக்க வேண்டும். கட்டைத் திரும்ப எப்போது போடுவது என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.