மூன்றாம் மெய்ப்பில் தெரியும் சேதி: தமிழ்ப் புத்தகத்துக்கு எந்த லேஅவுட் மென்பொருள்?

டிசம்பர் பிற்பாதியில் சென்னையில் பக்க வடிவமைப்பு செய்கிறவர்கள் யாரும் ஒழுங்காகத் தூங்குவதில்லை. ஜனவரிப் புத்தகக் காட்சிக்குள் புத்தகம் வந்தாக வேண்டும். எழுத்தாளரோ மூன்றாம் மெய்ப்பில்தான் (அச்சுக்கு முன் பிழை பார்க்கத் தரும் மூன்றாவது படியில்தான்) மனம் திறப்பார்: கதைத் தலைப்புகள் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கலாமே, ஏழாவது கதையை இரண்டாவதாகக் கொண்டு வரலாமே. அதே நாளில் அச்சகத்திலிருந்தும் ஒரு போன் வரும். 195 பக்கம் வருகிறது, 192இல் அடக்குங்கள். ஒரு பாரத்துக்கு (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கத் தொகுதிக்கு) 16 பக்கம் என்று 12 பாரத்தோடு முடிந்துவிடும், மூன்று பக்கத்துக்காக இன்னொரு பாரம் ஓட்ட முடியாது.

புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பது எந்த மென்பொருளில் வேகமாகப் பக்கம் கட்டலாம் என்று. முதல் தடவை கட்டுவதில் பெரிதாக நேரம் போவதில்லை. கட்டியதைப் பிரித்து மறுபடி கட்டுவதில்தான் இரவுகள் போகின்றன. ஆகவே அந்த டிசம்பர் நாளையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். டெமி 1/8 என்ற புத்தக அளவு, 22 சிறுகதைகள், 11 பாயின்ட் எழுத்து, 15 பாயின்ட் வரி இடைவெளி. இந்தப் புத்தகத்தைச் சந்தா கட்டி வாங்கும் இன்டிசைன், இலவசமான ஸ்கிரைபஸ், லிப்ரே ஆபிஸ் ரைட்டர் மூன்றிலும் போட்டால் மூன்றாம் மெய்ப்பு நாளில் என்ன நடக்கும்?

முதலில் ஒரு சல்லடை

மூன்றைச் சொன்னேன், நான்காவதாக அஃபினிட்டி பப்ளிஷர் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். 2019இல் வந்தது, பழகுவதற்கு இனிமையானது, 2025 அக்டோபரிலிருந்து இலவசமாகவும் கிடைக்கிறது. ஆனால் 2022இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு வரைக்கும் இந்திய மொழி எழுத்துகளைக் கோத்துக் காட்டத் தெரியாது. ஒருங்குறி (யூனிகோட்) தமிழில் 'கொ' என்பதில் முதலில் க, பிறகு ஒகரக் குறி என்ற வரிசையில்தான் எழுத்து சேமிக்கப்படுகிறது. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைக் ககரத்துக்கு முன்னால் கொண்டு வைப்பது மென்பொருளின் வேலை. அது தெரியாத மென்பொருளில் கொம்பு பின்னால் போய் நிற்கும். எதைத் தரவிறக்கினாலும் முதல் வேலையாக 'கொடுக்கிறோம்' என்று ஒரு சொல்லை ஒட்டிப் பாருங்கள். சொல் உடைந்தால் அந்த மென்பொருளின் மற்ற அழகுகளைப் பார்க்க உட்காராதீர்கள்.

பேஜ்மேக்கரை இன்னும் விடாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேலி செய்ய மாட்டேன். 1985இல் மேசைப் பதிப்பு (டிடிபி) என்ற துறையையே தொடங்கி வைத்த மென்பொருள் அது. ஆனால் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது, அதற்கு ஒருங்குறி தெரியாது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் தமிழ் ஓடும். அவற்றில் 'கதைகள்' என்பது உள்ளே எஃப், ஐ, ஜே, எஃப், எஸ், அரைப்புள்ளி என்றே இருக்கிறது. தாளில் அழகாக விழும். பிற்பாடு மின்னூல் ஆக்க வேண்டுமென்றால் முழுப் புத்தகத்தையும் மாற்றியில் போட்டு எடுத்து மறுபடி மெய்ப்புப் பார்க்க வேண்டும். இன்று தொடங்குகிறவருக்கு அந்தக் கடன் எதற்கு?

ஸ்கிரைபஸும் ஒரு காலத்தில் இந்தச் சல்லடையில் நிற்காததுதான். 1.4 வரிசைப் பதிப்புகளில் தமிழ் உடையும். 2024 ஜனவரியில் வந்த 1.6இல் தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டுவது சரியாகிவிட்டது. பழைய காணொளியைப் பார்த்து பழைய பதிப்பை நிறுவிவிட்டு, இதில் தமிழே வராது என்று சொல்கிறவர்கள் பலர்.

இன்டிசைனிலும் ஒரு கண்ணி உண்டு. அது இயல்பாக எடுத்துக்கொள்ளும் கம்போசர் (எழுத்துகளை வரிகளாக அடுக்கும் பகுதி) தமிழுக்கானது அன்று. 'வேர்ல்டு ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆவணம் எதையும் திறக்காமல் பிரிஃபரன்சஸ் பகுதியில் இதை ஒரு முறை மாற்றிவிட்டால், அதன் பிறகு தொடங்கும் ஆவணங்கள் எல்லாம் அப்படியே வரும். இது தெரியாமல் ஒவ்வொரு கோப்பிலும் தனித்தனியாக மாற்றிக்கொண்டிருந்த நாள்களை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

கட்டுவதற்கு முன்னால் களை எடுப்பது

இந்த வேலையில் எனக்கு ரைட்டர்தான் முதலிடம். பக்கத்தை இன்டிசைனில் கட்டப்போகிறேன் என்றாலும் கையெழுத்துப் பிரதியை முதலில் ரைட்டரில்தான் திறப்பேன். எழுத்தாளர் அனுப்பும் கோப்பு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்: பத்தி உள்தள்ளலுக்கு ஸ்பேஸ் பாரை ஐந்து முறை தட்டியிருப்பார், அடுத்த கதை புதிய பக்கத்தில் தொடங்க என்டரைப் பதினைந்து முறை அழுத்தியிருப்பார். ரைட்டரின் தேடு-மாற்று பெட்டியில் ரெகுலர் எக்ஸ்பிரஷனை (குறிகளால் தேடும் வசதியை) இயக்கிவிட்டு, தேடும் இடத்தில் மேல்நோக்கிய கூரைக் குறியும் டாலர் குறியும் போட்டு, மாற்றும் இடத்தை வெறுமையாக விட்டால் காலிப் பத்திகள் அத்தனையும் ஒரே தட்டில் போய்விடும். இன்டிசைனிலும் இதற்கென்றே ஆயத்தத் தேடல்கள் இருக்கின்றன. ஸ்கிரைபஸில் இந்த வேலைக்கு இறங்காதீர்கள்.

தமிழுக்கே உரிய களைகள் தனி. 'கௌரவம்' என்று அடிக்க வேண்டிய இடத்தில் ஒற்றைக் கொம்பும் ளகரமும் சேர்த்து 'கெளரவம்' என்று அடித்திருப்பார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மெய்ப்புப் பார்க்கிறவர் கண்ணுக்கும் சிக்காது. ஆனால் எழுத்துருவை மாற்றியதும் வேறுபாடு பல்லிளிக்கும், மின்னூலில் தேடினால் சொல் அகப்படாது. காலுக்குப் பதில் ரகரம், எகரத்துக்குப் பதில் ஏழு என்ற தமிழ் எண், இவையும் அப்படியே. இவற்றை ஒரு பட்டியலாக எழுதி வைத்துக்கொண்டு, எழுத்தாளரின் கோப்பு வந்ததும் வரிசையாகத் தேடி மாற்றினால் அரை மணி நேரம். பக்கம் கட்டிய பிறகு மாற்றினால் வரிகள் நகரும், பக்கங்கள் நகரும், பொருளடக்கம் பொய்யாகும்.

தலைப்பைப் பெரிதாக்குங்கள்

இப்போது எழுத்தாளரின் முதல் ஆசை. 16 பாயின்ட் தலைப்பு 18 ஆக வேண்டும். பாராகிராஃப் ஸ்டைல் (ஒரு வகைப் பத்திக்கெல்லாம் ஒரே இடத்தில் குறித்து வைக்கும் எழுத்து அமைப்பு) போட்டுக் கட்டியிருந்தால் மூன்று மென்பொருளிலும் ஒரே இடத்தில் எண்ணை மாற்றிவிட்டு எழுந்துவிடலாம். ஒவ்வொரு தலைப்பையும் கையால் தேர்ந்து அளவு கொடுத்திருந்தால் 22 இடங்கள், அதில் ஒன்று கட்டாயம் விட்டுப்போகும். இதில் மூன்றும் சமம் என்பதால் மேலே போகிறேன்.

பக்கத்தின் உச்சியில் வரும் மேல்வரியில்தான் வித்தியாசம் தெரிகிறது. இடப்பக்கம் நூலின் பெயர், வலப்பக்கம் கதையின் பெயர் என்று வைப்பது வழக்கம். என் முதல் தொகுப்பில் ஒவ்வொரு பக்கத்திலும் கதைப் பெயரைக் கையால் ஒட்டினேன். கதைகளின் வரிசை கடைசி நேரத்தில் மாறியது. ஒரு கதையின் முதல் பாதி முழுக்க முந்தைய கதையின் பெயரைச் சுமந்துகொண்டே அச்சாகிவிட்டது. எழுத்தாளர் திட்டவில்லை, அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தபடி என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

இன்டிசைனில் இதற்கு 'ரன்னிங் ஹெடர்' என்ற டெக்ஸ்ட் வேரியபிள் இருக்கிறது. மற்றப் பக்கங்களுக்கு மாதிரியாக நிற்கும் மாஸ்டர் பக்கத்தில் (இப்போதைய பதிப்புகளில் பேரன்ட் பக்கம் என்கிறார்கள்) ஒரே ஒரு முறை வைத்து, எந்த ஸ்டைலில் உள்ள எழுத்தை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால், கதைத் தலைப்பை அதுவே படித்து மேல்வரியில் போட்டுக்கொள்ளும். ரைட்டரிலும் அத்தியாயப் பெயருக்கான ஃபீல்டு உண்டு. தலைப்புக்கு ஹெடிங் ஸ்டைல் கொடுத்திருந்தால் போதும். ஸ்கிரைபஸில் கதைக்கு ஒரு மாஸ்டர் பக்கம் வீதம் செய்து, பக்கம் பக்கமாக ஏற்ற வேண்டும். 22 கதைத் தொகுப்புக்கு நான் அந்த வேலையில் இறங்க மாட்டேன். நூலின் பெயரை மட்டும் போட்டுவிட்டு நகர்வேன்.

மூன்று பக்கத்தை எங்கே ஒளிப்பது?

இதுதான் உண்மையான பரீட்சை. புதியவர்கள் செய்வது என்ன? வரி இடைவெளியை 15இலிருந்து 14.75 ஆக்கிப் பார்ப்பார்கள். ஒன்றும் நடக்காது. காரணம் எளிய வகுத்தல். எழுத்துப் பரப்பின் உயரம் 495 பாயின்ட் என்றால் 15இல் 33 வரி நிற்கும். 14.75இல் வகுத்தால் 33.5 சொச்சம், அரை வரியைப் பக்கத்தில் வைக்க முடியாது, ஆகவே அதே 33தான். 14.5 ஆக்கினால்தான் 34ஆவது வரி உள்ளே வரும். கணக்குப் போடாமல் எண்ணை மாற்றி மாற்றிப் பார்த்தே ஒரு மாலை முழுவதும் கரைந்துவிடும்.

அதற்கும் முன்னால் நான் செய்வது வேறு. ஒவ்வொரு கதையும் புதுப் பக்கத்தில் தொடங்குகிறது அல்லவா? கடைசிப் பக்கத்தில் மூன்று நான்கு வரி மட்டும் நிற்கும் கதைகளைத் தேடுவேன். இப்படிப்பட்ட தொகுப்பில் இரண்டு மூன்றாவது அகப்படும். அந்தக் கதைகளில், ஒரே ஒரு சொல் மட்டும் கடைசி வரிக்கு இறங்கி நிற்கும் பத்திகளைப் பிடித்து, எழுத்து இடைவெளியைக் கண்ணுக்குத் தெரியாத அளவு குறைத்தால் அந்தச் சொல் மேலேறிவிடும். நான்கு பத்தியில் நான்கு வரி, ஒரு பக்கம் மிச்சம். நூல் முழுவதன் வரி இடைவெளியும் தப்பியது.

இந்த வேட்டைக்கு இன்டிசைனை விஞ்ச எதுவும் இல்லை. பேஜஸ் பலகையில் சிறுபடங்களைப் பார்த்தாலே வெறிச்சென்று கிடக்கும் பக்கங்கள் தெரியும். பத்தியை இறுக்கியதும் பின்னால் உள்ளவை தானே நகரும். கோப்பை உள்ளே இறக்கும்போது ஷிஃப்டை அழுத்திக்கொண்டு சொடுக்கினால் தேவையான பக்கங்களை அதுவே சேர்த்துக்கொள்வதும் இதில்தான். ரைட்டரும் தானே நகர்த்தும். பக்க எண்ணிக்கையைக் கீழ்ப்பட்டையில் உடனே காட்டும். ஸ்கிரைபஸில் பக்கங்களை முன்கூட்டியே எண்ணிச் சேர்த்து, எழுத்துச் சட்டங்களைக் கோத்து வைக்க வேண்டும். கோத்த சங்கிலி நீளமானால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அது மூச்சு வாங்கும். கதைக்குக் கதை தனிச் சங்கிலியாக வைப்பது நல்லது. 190 பக்க உரைநடைக்கு ஸ்கிரைபஸை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் 24 பக்கச் சிறுவர் நூல், கவிதைத் தொகுப்பு, விழா மலர் என்று படமும் வண்ணமும் வந்துவிட்டால் தராசு சாயும் பக்கம் மாறுகிறது. ரைட்டருக்கு அச்சுக்கான நான்கு வண்ணக் கணக்கு தெரியாது. ஸ்கிரைபஸ் அந்த வேலைக்கென்றே பிறந்தது. படங்களின் தெளிவு போதாமலிருப்பதையும், எழுத்து சட்டத்துக்கு வெளியே வழிவதையும் பிடிஎஃப் எடுக்கும் முன்பே அது எச்சரிக்கும். இன்டிசைனின் மாதச் சந்தாவைக் கட்ட முடியாதவர்களுக்கு அங்கே கைகொடுப்பது ஸ்கிரைபஸ்தான்.

ரைட்டரில் ஒரு சின்ன ஏமாற்று உண்டு. எழுத்துருவில் தடித்த வடிவம் இல்லாவிட்டாலும் எழுத்தை ஊதித் தடிமன் காட்டும். திரையில் பரவாயில்லை, அச்சில் சுழிகள் அடைத்து மை கொட்டியதுபோல இருக்கும். இன்டிசைன் அப்படிச் செய்யாது, இல்லாததை இல்லை என்றே காட்டும். நோட்டோ செரிஃப் தமிழ் போல உண்மையான தடித்த வடிவம் உள்ள எழுத்துருவை எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை, விலையும் இல்லை.

ஆண்டுக்கு ஒரு புத்தகம், அதுவும் வெறும் உரைநடை என்றால் ரைட்டரிலேயே கட்டிவிடுங்கள், கறுப்பு வெள்ளை என்று அச்சகத்துக்குச் சொல்லிவிடுங்கள். மாதம் இரண்டு நூல் கையில் வரத் தொடங்கிய பிறகு இன்டிசைன் சந்தாவை யோசிக்கலாம். அப்போதும் ரைட்டரில் ஸ்டைல் போட்டுப் பழகிய கை அங்கே வீணாகாது. வேலை முடிந்ததும் இன்டிசைனில் 'பேக்கேஜ்', ஸ்கிரைபஸில் 'கலெக்ட் ஃபார் அவுட்புட்' கொடுத்து எழுத்துரு, படம் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் போட்டு வையுங்கள். பிடிஎஃப் மட்டும் போதும் என்றுதான் நானும் இருந்தேன். இரண்டாம் பதிப்புக்கு ஒரே ஒரு வரியைத் திருத்தச் சொல்லி எழுத்தாளர் வந்து நின்றபோது, 160 பக்கத்தை முதலிலிருந்து கட்டினேன்.