டெவலப்மென்ட் சர்வர்: சிங்கப்பூரா, சைபர்ஜெயாவா, ஜெர்மனியா?

கோலாலம்பூரில் தனியாக வெப், ஆப் வேலை எடுத்துச் செய்பவர்கள் விபிஎஸ் (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்) வாங்கப் போனால் முதலில் பார்ப்பது மாத விலையைத்தான். நானும் அங்கிருந்துதான் ஆரம்பித்தேன், கடைசியில், கோடு எழுதிச் சோதிக்கும் டெவலப்மென்ட் வேலைக்கு, டிஜிட்டல்ஓஷன் என்ற கிளவுட் நிறுவனத்தின் சிங்கப்பூர் சர்வரில் வந்து நின்றேன். விலைப்பட்டியலில் அது மலிவானதே அல்ல. 4 ஜிபி ரேம், 2 சிபியு, 80 ஜிபி டிஸ்க் உள்ள மெஷின் மாதம் 24 டாலர். மலேசியாவில் இருக்கும் நமக்கு அதன்மேல் 8 சதவீத சேவை வரியும் உண்டு. வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கு 2020 ஜனவரியில் 6 சதவீதமாக வந்த வரி, 2024 மார்ச்சிலிருந்து 8 ஆகிவிட்டது.

முதலில் ஜெர்மனி, உள்ளூர் என்ற மற்ற இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மனியின் சர்வர் நிறுவனமான ஹெட்ஸ்னரின் பெயரைக் கேட்காத ஆள் இருக்க மாட்டார், அதே காசுக்கு அங்கே கிடைக்கும் ரேமும் டிராஃபிக்கும் (போய்வரும் தரவின் அளவு) தாராளம். தூரம்தான் இடிக்கிறது. இங்கிருந்து ஜெர்மனி சுமார் 10,000 கிலோமீட்டர். ஃபைபருக்குள் ஒளி வினாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும், ஆக போய்வர 100 மில்லிசெகண்டுக்குக் குறைய வழியே இல்லை, கேபிள் சுற்றிப் போவதால் நிஜத்தில் இன்னும் அதிகமாகும். விஎஸ் கோடு எடிட்டரின் ரிமோட் வசதியில் எழுதினால் எழுத்து நம் லேப்டாப்பிலேயே விழுந்துவிடும், அதனால் பெரிதாகத் தெரியாது. எஸ்எஸ்எச் வழியாகச் சர்வருக்குள் நுழைந்து அங்கேயே விம் எடிட்டரைத் திறந்து எழுதுகிறவர்களுக்கு ஒவ்வொரு எழுத்தும் தயங்கித் தயங்கி வரும். 2024-இல் ஹெட்ஸ்னர் சிங்கப்பூரிலும் திறந்துவிட்டார்கள், ஆனால் அங்கே ஜெர்மனியில் கொடுக்கும் 20 டிபி டிராஃபிக் கிடையாது. அந்த சிங்கப்பூர் சர்வரை நான் கொஞ்ச நாள்தான் ஓட்டினேன், அந்த அளவில் குறையொன்றும் இல்லை.

உள்ளூர் விபிஎஸ்ஸில் பிடித்தது, வெள்ளியில் (ரிங்கிட்டில்) பில் வருவது. வங்கிக் கணக்கிலிருந்தே எஃப்பிஎக்ஸில் கட்டிவிடலாம், டாலர் ஏறினாலும் இறங்கினாலும் நமக்குக் கவலையில்லை. சர்வர் கோலாலம்பூருக்குப் பக்கத்து சைபர்ஜெயாவில் இருந்தால் வேகத்தில் குறை சொல்ல முடியாது. நிஜ வாடிக்கையாளர் விவரங்களை வைத்து ஓட்டும் சர்வர் என்றால் தயங்காமல் உள்ளூரிலேயே எடுங்கள், 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, வாடிக்கையாளரும் தரவு நாட்டுக்குள்ளேயே இருந்தால் நிம்மதியாக இருப்பார். ஆனால் டெவலப்மென்ட்டுக்குப் போலித் தரவுதானே போடப்போகிறோம்? அதற்காக மாதச் சந்தா, வருடச் சந்தா என்று முன்பணம் கட்டி, ராத்திரியும் சனி ஞாயிறும் சும்மா கிடக்கும் மெஷினுக்குக் காசு அழுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது இந்தச் சும்மா கிடக்கும் நேரம்தான். பலருக்குத் தெரியாத விஷயம்: டிஜிட்டல்ஓஷன், ஹெட்ஸ்னர், வல்ட்டர், லினோடு, எங்கே எடுத்தாலும் சர்வரை ஆஃப் செய்து வைத்தால் பில் நிற்காது. டிஸ்க்கும் ஐபியும் உங்கள் பெயரில் ஒதுக்கப்பட்டே இருப்பதால் மீட்டர் ஓடும். பில் நிற்க வேண்டுமென்றால் சர்வரையே அழிக்க வேண்டும். தினமும் சாயங்காலம் அழித்து, காலையில் பசியாறிவிட்டு உட்காரும்போது திரும்ப எழுப்ப முடிகிறதா என்பதுதான் கேள்வி. முடிகிறது, ஆனால் அதற்கு ஒரு முறை உட்கார்ந்து ஒழுங்காக அமைக்க வேண்டும்.

நான் செய்து வைத்திருப்பது இது. உபுண்டு, டாக்கர், நமக்கு வேண்டிய கருவிகள் எல்லாம் போட்ட ஒரு ஸ்னாப்ஷாட் (மெஷினின் டிஸ்க்கை அப்படியே எடுத்து வைத்த நகல்), ஜிபிக்கு மாதம் 0.06 டாலர். கோடும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் தரவும் தனியாக ஒரு வால்யூமில் (மெஷினை அழித்தாலும் தங்கும் தனி டிஸ்க்), ஜிபிக்கு 0.10 டாலர். டாக்கர் தன் இமேஜ்களைச் சேமிக்கும் இடத்தையும் அந்த வால்யூமுக்கே மாற்றிவிட்டேன், இல்லாவிட்டால் தினமும் காலையில் இமேஜ்களை இழுத்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். காலையில் ஒரு ஸ்கிரிப்ட் ஸ்னாப்ஷாட்டிலிருந்து மெஷினை எழுப்பி வால்யூமை மாட்டும். சாயங்காலம் இன்னொன்று ஒழுங்காக ஷட்டவுன் செய்துவிட்டு மெஷினை அழிக்கும். வேலை எல்லாம் வால்யூமில் இருப்பதால் புதிதாக ஸ்னாப்ஷாட் எடுக்க வேண்டியதில்லை.

கணக்கு இப்படி வரும்: மணிக்கு ஏறத்தாழ 0.036 டாலர், வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் மாதம் சுமார் 176 மணி நேரம், அது 6.3 டாலர். ஸ்னாப்ஷாட் 10 ஜிபிக்கு 0.6, வால்யூம் 20 ஜிபிக்கு 2 டாலர். வரியோடு சேர்த்துப் பத்து டாலருக்குள் முடிந்துவிடுகிறது. அதே மெஷினை மாதம் முழுக்க ஓட விட்டால் வரியோடு 26 டாலர் பக்கம்.

இதில் சில முள்கள் உண்டு. தினமும் ஐபி மாறும். மாறாத ரிசர்வ்டு ஐபி எடுக்கலாமே என்று தோன்றும், ஆனால் மெஷினோடு இணைக்காமல் கிடக்கும்போது அதற்கே மாதம் 5 டாலர் கணக்கில் பில் வரும். நான் ஸ்னாப்ஷாட்டுக்குள்ளேயே டெய்ல்ஸ்கேல் என்ற விபிஎன் போட்டு லாகின் செய்து வைத்துவிட்டேன், எந்த ஐபியில் எழுந்தாலும் எனக்கு அதே உள்முகவரிதான். டெய்ல்ஸ்கேலில் கீ காலாவதியாவதை மட்டும் அணைத்து வைக்க மறக்காதீர்கள். அப்புறம், மெஷின் முதல்முறை எழும்போது அமைப்புகளைச் செய்யும் கிளவுட்-இனிட், ஒவ்வொரு புது மெஷினுக்கும் எஸ்எஸ்எச் ஹோஸ்ட் கீயை (சர்வரின் அடையாளச் சாவி) மாற்றும், காலையில் எழுந்ததும் பெரிய எச்சரிக்கை வந்து நிற்கும், அதன் கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி மாற்றினால் அடங்கிவிடும். ஸ்னாப்ஷாட்டை முடிந்தவரை சின்ன டிஸ்க் உள்ள மெஷினில் எடுங்கள். 50 ஜிபி டிஸ்க்கில் எடுத்ததை 80 ஜிபி மெஷினில் எழுப்பலாம், 80 ஜிபியில் எடுத்ததை 50-இல் எழுப்ப முடியாது. கண்ட்ரோல் பேனலில் கையால் அழிப்பவர்கள், வால்யூமையும் சேர்த்து அழிக்கும் டிக் விழுந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள், போனால் போனதுதான்.

"அமேசானின் கிளவுட்டான ஏடபிள்யூஎஸ் 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே ரீஜன் திறந்துவிட்டதே, அதன் இசி2 சர்வரில் ஸ்டாப் பட்டனை அழுத்தினால் பில் நிற்குமே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மெஷினுக்கான கட்டணம் நிற்கும், டிஸ்க்குக்கு மட்டும் ஓடும். இவ்வளவு ஸ்கிரிப்ட் வேலையும் தேவைப்படாது. ஆனால் பொது ஐபிவி4 முகவரிக்கு மணிக்கு 0.005 டாலர் தனி, வெளியே போகும் டிராஃபிக்குக்குத் தனி என்று பில் பல வரிகளாகப் பிரியும், தனியாளாக அதைக் கவனித்துக்கொண்டே இருக்க எனக்கு விருப்பமில்லை. சின்ன வேலைக்கு மட்டுமே அங்கே ஓட்டியிருக்கிறேன், ஏற்கெனவே அதில் பழகியவர்களுக்கு அதுவே சுலபமாகப் படலாம்.

வாடிக்கையாளர் நினைத்த நேரத்தில் திறந்து பார்க்கும் ஸ்டேஜிங் சர்வருக்கு இந்த முறை ஒத்துவராது. அதற்கு மாதம் 6 டாலரின் 1 ஜிபி மெஷின் ஒன்றைத் தனியாக ஓட விடுங்கள், இல்லையென்றால் வெள்ளியில் கட்டும் உள்ளூர் விபிஎஸ்ஸே எடுத்துக்கொள்ளுங்கள்.