பழைய எஸ்எம்பியா, நேரடி இணைப்பா?
மும்பை மாட்டுங்காவில் நம்மவர் நடத்தும் சிறு கணக்கு அலுவலகம் ஒன்றில், பழைய மென்பொருளுக்காகவே விட்டுவைத்த விண்டோஸ் எக்ஸ்பி கணினியும் விண்டோஸ் 10 கணினியும் ஒரே பிரிண்டரைப் பகிர வேண்டும் என்று கொள்வோம்.

கணினிகள் கோப்புகளையும் பிரிண்டரையும் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறையான எஸ்எம்பியில் எக்ஸ்பிக்குத் தெரிந்தது முதல் பதிப்பு மட்டுமே. விண்டோஸ் 10-இன் 1709 வெளியீடு முதல் அந்தப் பதிப்பின் சர்வர் பகுதி (பகிர்ந்து கொடுக்கும் பகுதி) இயல்பாக நிறுவப்படுவதில்லை என்பதால், பிரிண்டரை விண்டோஸ் 10 கணினியோடு இணைத்து, கண்ட்ரோல் பேனலில் அதை மீண்டும் இயக்குவது ஒரு வழி. சில நிமிட வேலைதான். ஆனால் 2017 மே மாதத்தில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை தீநிரல் பரவியது இந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான்.

பிரிண்டரை ரூட்டரோடு இணைத்து, மாறாத ஐபி முகவரி கொடுத்து, இரு கணினிகளிலும் டிசிபி/ஐபி போர்ட்டாக (அந்த முகவரிக்கே நேராக அச்சுவேலையை அனுப்பும் வழியாக) சேர்ப்பது மற்றொன்று. நெட்வொர்க் வசதியுள்ள பிரிண்டரும் எக்ஸ்பிக்கான டிரைவரும் வேண்டும் என்றாலும், அச்சடிப்பதற்காக இன்னொரு கணினியை எழுப்ப வேண்டியதில்லை என்பதால் நான் இதையே தேர்வேன். இரு கணினிகளுக்கும் இடையே கோப்புகளை மாற்ற மட்டும் பென்டிரைவ்தான் கதி.