"மூணு வாரம் பெட்டியைத் திறக்காதீங்க" என்று சொல்லும் தேனீ வியாபாரியிடம் ஜாக்கிரதை

தேனீக் கூட்டத்தோடு பெட்டி வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விற்கிறவர் "வச்ச இடத்துல அப்படியே விட்டுடுங்க சார், மூணு வாரத்துக்குத் திறந்து பார்க்காதீங்க" என்று சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு முட்டை வேலைக்காரத் தேனீயாகி வெளியே வர 21 நாள் ஆகும். ராணி இல்லாத பெட்டியை உங்கள் தலையில் கட்டியிருந்தால், அந்த மூன்று வாரத்தில் உள்ளே இருந்த புழு, கூட்டுப்புழு எல்லாம் தேனீயாகி வெளியே வந்து தீர்ந்துவிடும். ராணி எப்போது போனது என்று காட்ட அடையில் (தேனீக்கள் மெழுகால் அறை அறையாகக் கட்டும் தட்டு) ஒரு தடயமும் மிஞ்சாது. அப்புறம் நீங்கள் போன் செய்தால், "உங்ககிட்ட வந்த பிறகுதான் செத்திருக்கும்" என்று சொல்லிவிடுவார். மறுத்துப் பேச உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

எனக்கு விற்றவரும் இதைத்தான் சொன்னார். ஆள் யாரென்று இங்கே எழுதப்போவதில்லை. செய்த வேலையைச் சொல்கிறேன்.

நான் வாங்கியது இத்தாலியத் தேனீ, எட்டு சட்டப் பெட்டி. சட்டம் என்பது அடை கட்டுவதற்காகப் பெட்டிக்குள் தொங்கவிடும் மரச்சட்டம். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அவர் இடத்துக்குப் பகலில் போனேன். நீலப் பெயின்ட் அடித்த ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். பிரமாதமான கூட்டம். நடுச் சட்டங்களில் முட்டை, பால் போன்ற திரவத்தில் சுருண்டு கிடந்த வெள்ளைப் புழு, இடைவெளி இல்லாமல் மூடிய புழு அறைகள், ஓரத்தில் மகரந்தம், மேலே தேன். ராணியையும் காட்டினார். முதுகில் மஞ்சள் பொட்டு, இடது இறக்கையின் நுனியில் சின்னதாக ஒரு கிழிசல். நான் போனில் சட்டம் சட்டமாகப் படம் எடுத்துக்கொண்டேன். பிற்பாடு எனக்குக் கைகொடுத்தது அந்தப் படங்கள்தான்.

பெட்டி இரவில் வந்து சேர்ந்தது. இதில் தப்பு சொல்ல முடியாது. வெளியே போன தேனீக்கள் எல்லாம் வந்து அடைந்த பிறகுதான் வாசலை அடைத்து வண்டியில் ஏற்ற முடியும். அதே நீலப் பெட்டி, கொத்துக் கொத்தாகத் தேனீ, நல்ல இரைச்சல். இறக்கி வைத்து, மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு, போகும்போது அந்த மூன்று வார உபதேசத்தையும் சொன்னார். "திறந்தா ஓடிப்போயிடும் சார்."

பாதி உண்மையான பேச்சு என்பதால்தான் இது எடுபடுகிறது. நம் இந்தியத் தேனீயை, அடுக்குத் தேனீ என்கிறோமே, அதை அடிக்கடி நோண்டினால் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் பறந்துவிடும். புதிதாக வைத்த கூட்டத்தை ஒன்றிரண்டு நாள் சும்மா விடுவதும் சரிதான். ஆனால் இத்தாலியத் தேனீ லேசில் ஓடாது. வாரம் ஒருமுறை அமைதியான வெயில் நேரத்தில், அளவாகப் புகை காட்டித் திறந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஒரு தேனீக்கான பாடத்தை இன்னொரு தேனீக்குச் சொல்லி விற்கிறார்கள்.

மறுநாள் காலையிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. வாசலுக்குக் கீழே செத்த தேனீ குவியலாகக் கிடந்தது. அடிப்பலகையில் இரண்டிரண்டாகக் கட்டிப் புரண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தன. பயணத்தில் நசுங்கிச் செத்தால் இப்படிச் சண்டை இருக்காது. வெவ்வேறு கூட்டுத் தேனீக்களை ஒரே பெட்டியில் உதறிப் போட்டால் இப்படி நடக்கும், ஒவ்வொரு கூட்டுக்கும் அதன் வாசனை தனி.

இரண்டு நாள் பொறுத்தேன், பிறகு மழை. ஒரு வாரம் முடிவதற்குள் திறந்துவிட்டேன்.

சட்டங்களின் மேல்கட்டையைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. அவர் இடத்தில் நான் எடுத்த படத்தில் எட்டு சட்டத்திலும் 7 என்று பென்சிலால் எழுதியிருந்தது. பெட்டி எண் அது. இப்போது உள்ளே இருந்தவற்றில் ஒன்றில் 12, இரண்டில் 19, ஒன்றில் 31, மற்றவற்றில் எண்ணே இல்லை. ஓரத்துச் சட்டங்கள் இரண்டும் கருத்துப்போன பழைய அடை. வெளிச்சத்தில் பிடித்தால், அடையை அரிக்கும் மெழுகுப் பூச்சியின் நூலாம்படை குறுக்கும் நெடுக்குமாக ஓடியிருந்தது. மூன்று சட்டங்களில் மட்டும் மூடிய புழு அறைகள், அதுவும் திட்டுத் திட்டாக. மீதி காலி. ஆக, நான் பார்த்த பெட்டியிலிருந்து வந்தது பெட்டி மட்டும்தான்.

முட்டையைத் தேடினேன். தேடத் தெரியாமல் "இல்லை" என்று சொல்லிவிடக் கூடாது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். சட்டத்தை லேசாகச் சாய்த்து, வெயில் கண்ணறையின் அடிவரை இறங்கும்படி பிடியுங்கள். அடியில் நடுவாக, வெள்ளை நூலைத் துளியாக நறுக்கி ஒட்டியது போல ஒன்று தெரியும். முதல் நாள் முட்டை நிமிர்ந்து நிற்கும், இரண்டாம் நாள் சாயும், மூன்றாம் நாள் படுத்துவிடும். பிறகு பொரிந்து புழு. இப்படி அறைக்கு ஒன்றாக, அடியில் முட்டையைப் பார்த்துவிட்டால், ராணி மூன்று நாளைக்குள் அங்கே இருந்திருக்கிறது என்று அர்த்தம். ராணியைக் கண்ணால் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

எனக்கு ஒரு முட்டைகூடக் கிடைக்கவில்லை. திறந்த அறையில் ஒரு புழுவும் இல்லை. இருந்ததெல்லாம் மூடிய அறைகள்.

போன் செய்தேன். "ராணி ஒளிஞ்சிருக்கும் சார், நல்லாத் தேடுங்க" என்றார். முட்டையும் இல்லையே அண்ணே என்றேன். "அப்ப வழியில நசுங்கிச் செத்திருக்கும்." அடுத்து, "நான்தான் திறக்காதீங்கன்னு சொன்னேனே." கடைசியில், "புது ராணி ஒண்ணு தர்றேன், அதுக்கு மட்டும் காசு குடுங்க" என்று வந்து நின்றார்.

வழியில் செத்தது என்பது பொய் என்று அடையே சொல்கிறது. முட்டை 3 நாளில் பொரியும். புழு ஆறு நாள் போலத் திறந்த அறையில் வளரும். ஒன்பதாம் நாள் வாக்கில் தேனீக்கள் அறையை மெழுகால் மூடிவிடும். முட்டையும் இல்லை, திறந்த புழுவும் இல்லை என்றால் கடைசி முட்டை விழுந்து எட்டு ஒன்பது நாளாவது ஆகியிருக்க வேண்டும். பெட்டி என்னிடம் வந்தே ஒரு வாரம் ஆகவில்லை. இன்னொன்று, முட்டையிட்டுக்கொண்டிருந்த ராணி வழியில் செத்திருந்தால் உள்ளே இளம் புழுக்கள் இருந்திருக்கும். தேனீக்கள் சும்மா இருக்காது. அந்தப் புழுக்களில் சிலவற்றைத் தேர்ந்து அவசர ராணி அறைகள் கட்டும். அடையின் முகத்தில் கீழ்நோக்கித் தொங்கும் நீள அறைகள், யார் கண்ணுக்கும் தப்பாது. அதுவும் ஒன்றுகூட இல்லை. மூடிய அறை மட்டும் உள்ள சட்டங்களாகப் பார்த்து வெவ்வேறு பெட்டிகளிலிருந்து உருவி, ராணி இல்லாமலே கட்டிக் கொடுத்திருக்கிறார். இதைச் சொன்னதும் லைனைத் துண்டித்துவிட்டார். பிறகு எடுக்கவே இல்லை.

சந்தேகத்துக்கு இடம் வேண்டாம் என்று, தேனீ வளர்க்கும் நண்பரிடம் முட்டையும் இளம் புழுவும் உள்ள ஒரு சட்டத்தை வாங்கி நடுவில் வைத்தேன். ராணி இருக்கும் கூட்டில் அந்தப் புழுக்கள் சாதாரணமாக வளரும். இல்லாத கூட்டில் மூன்று நான்கு நாளில் ராணி அறை கட்ட ஆரம்பிக்கும். கட்டிவிட்டன.

இந்த மூன்று வாரக் கதையை நம்பிக் காத்திருந்தவர் ஒருவரையும் எனக்குத் தெரியும், அதே ஆளிடம் வாங்கியவர். அவர் திறந்தபோது முட்டை இருந்தது. சந்தோஷமாகப் படம் எடுத்து அனுப்ப, "முட்டை இருக்குல்ல, அப்ப ராணி இருக்கு" என்று பதில் வந்திருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரே அறையில் இரண்டு, மூன்று முட்டை. சில அடியில் இல்லாமல் பக்கச் சுவரில் ஒட்டியிருந்தன. அது ராணி இட்டதில்லை. ராணியும் புழுவும் இல்லாமல் நாளானால் வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடத் தொடங்கும். அவற்றின் வயிறு குட்டை, அறையின் அடிக்கு எட்டாது. இனச்சேர்க்கை நடக்காததால் அந்த முட்டையிலிருந்து ஆண் தேனீ மட்டும்தான் வரும். அந்த நிலைக்குப் போன கூட்டத்துக்குப் புது ராணியைக் கொடுத்தாலும் பெரும்பாலும் கொன்றுவிடும். அவருடைய பெட்டி முடிந்துபோனது. வாங்கும் முன் அவருக்குக் காட்டிய ராணியின் படத்தை அனுப்பினார்: மஞ்சள் பொட்டு, இடது இறக்கையில் அதே கிழிசல்.

என் கூட்டத்தைத் தானாக ராணி வளர்க்க விட்டிருக்கலாம். ஆனால் அந்த ராணி வெளியே வந்து, இனச்சேர்க்கைக்குப் பறந்து, முட்டையிட ஆரம்பிக்க நான்கு வாரம். அந்த முட்டை தேனீயாக இன்னும் மூன்று வாரம். பூ உள்ள பருவத்தில் ஒரு வேலைக்காரத் தேனீயின் ஆயுளே ஆறு வாரம் சுமார்தான். புதியது வருவதற்குள் பழையது தீர்ந்துவிடும். அதனால் ராணியோடு ஒரு சின்னக் கூட்டத்தை நண்பரிடமே விலைக்கு வாங்கி, இடையில் ஒரு செய்தித்தாளை விரித்து, ஆணியால் சில துளை போட்டு, ராணி அறைகளை எல்லாம் நீக்கிவிட்டு மேலும் கீழுமாக வைத்துச் சேர்த்தேன். தாளைக் கடித்துத் துளைப்பதற்குள் இரண்டு பக்க வாசனையும் கலந்துவிடும், சண்டை வராது. இப்போது கூட்டம் தேறிவிட்டது. ஒரு பெட்டிக்கு இரண்டு பெட்டிக் காசு, அந்தப் பருவத்துத் தேனும் போயிற்று.

வியாபாரி கூடவே ஒரு பொட்டலம் பொடியும் கொடுத்திருந்தார், "நோய் வராம இருக்க சர்க்கரைப் பாகுல கலந்து வைங்க" என்று. மேலே ஒரு எழுத்தும் இல்லை. குப்பையில் போட்டேன். பெயர் தெரியாத எதையும் பெட்டிக்குள் விடாதீர்கள். அது ஆன்டிபயாடிக்காக இருந்தால் அமெரிக்கப் புழு அழுகல் நோயின் அறிகுறியை அமுக்கி மட்டும் வைக்கும், நோய் வித்து பழைய அடையிலும் மரத்திலும் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தேனிலும் மருந்து கலக்கும்.

வாங்குவதென்றால் பகலில் போய்ச் சட்டங்களைப் பாருங்கள். முட்டை, திறந்த புழு, மூடிய அறை மூன்றும் இருக்க வேண்டும். "எட்டு சட்டம்" என்பது மரச்சட்டத்தின் எண்ணிக்கையா, புழுவும் தேனீயும் நிறைந்த சட்டத்தின் எண்ணிக்கையா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பார்த்த சட்டங்களின் மேல்கட்டையில் அங்கேயே பேனாவால் கையெழுத்துப் போட்டுப் படம் எடுங்கள். நேர்மையான ஆள் இதற்குக் கோபப்பட மாட்டார். மீதிப் பணத்தை இரவில் கொடுக்காமல், மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வெயிலில் திறந்து கையெழுத்தைச் சரிபார்த்த பிறகு கொடுப்பதாக முதலிலேயே பேசிவிடுங்கள்.

இதே நீலப் பெட்டிக்கு, இதே மஞ்சள் பொட்டு ராணியைப் பார்த்து யாராவது முன்பணம் கட்டியிருந்தால், பெட்டியை இறக்க விடுவதற்கு முன் மேல்கட்டையில் உள்ள எண்ணை டார்ச் அடித்தாவது பாருங்கள். மாறியிருந்தால் அப்படியே திருப்பி அனுப்புங்கள். என்னிடம் உள்ள படங்கள் வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன்.