அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றார்கள்: முன்தோல் அறுவைக்குத் தயாராகிறவர்களுக்கு

வெட்கத்தால் எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. யார் முகத்தையும் பார்க்காமலேயே நாள் குறித்துக்கொள்ளலாம் என்று விளம்பரம் செய்த ஒரு கிளினிக்கில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியதும் அந்த வெட்கம்தான். எனக்கு வயது 43. அதுவரை எந்தத் தொந்தரவும் தராத முன்தோல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகத் தொடங்கியிருந்தது. பின்னுக்குத் தள்ளினால் விளிம்பில் நூல் நூலாக வெடிப்பு, சிறுநீர் பட்டால் எரிச்சல். ஒரு வெடிப்பு ஆறி முடிந்ததும் தோல் முன்பைவிட இறுகிவிடும்.

கிளினிக்கின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த ஒரு பெயரைத் தவிர்த்தால் போதும் என்று தோன்றிவிடும். அங்கே எனக்கு நடந்ததும், நடக்க வேண்டியிருந்து நடக்காமல் போனதும் எந்த ஊரிலும் நடக்கக்கூடியவை.

முதலில் என்னோடு பேசியவர் மருத்துவர் அல்ல, ‘நோயாளி ஆலோசகர்’. “லேசர் முறை சார். தையல் கிடையாது, வலி கிடையாது, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மறுநாளே வேலைக்குப் போகலாம்” என்றார். அதன்பிறகு வந்த டாக்டர் ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. “எடுத்துவிடலாம்” என்ற ஒரே சொல்லோடு போய்விட்டார். எட்டு மாதச் சுமை இறங்கியதைப்போல் இருந்தது. அதனால் நானும் எதையும் கேட்கவில்லை.

அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நாற்பது வயது வரை சரியாக இருந்த தோல் இப்போது ஏன் இறுகியது? பெரியவர்களுக்குப் புதிதாக முன்தோல் இறுகினால் முதலில் சந்தேகிக்க வேண்டியவற்றில் ஒன்று சர்க்கரை நோய். ரத்தத்தில் சர்க்கரை கூடும்போது அது சிறுநீரில் இறங்குகிறது. தோலுக்கு அடியில் தங்கும் அந்த ஈரத்தில் பூஞ்சை செழிக்கிறது. அழற்சி, வெடிப்பு, தழும்பு, இறுக்கம் என்று அது வளர்ந்துகொண்டே போகும். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் சில நீரிழிவு மாத்திரைகளாலும் இந்தப் பூஞ்சைத் தொற்று வரலாம். இன்னொரு காரணம், தோல் வெளுத்துத் தடித்துப்போகும் லைக்கன் ஸ்கிளிரோசஸ். அது இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் வெட்டி எடுத்த தோலைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். என் தோல் கழிவுத் தொட்டிக்குப் போனது. எனக்கு எதனால் வந்தது என்பதற்கான முழுச் சாட்சியும் அதோடு போய்விட்டது.

அறுவை இல்லாத வழியைப் பற்றியும் யாரும் வாய் திறக்கவில்லை. இறுக்கம் மிதமாக இருந்தால் ஸ்டீராய்டு களிம்பைத் தடவி, வலிக்காத அளவுக்கு மெல்ல இழுத்துப் பழக்கும் சிகிச்சையை நான்கு முதல் எட்டு வாரம் வரை செய்து பார்ப்பது வழக்கம். அது எனக்குப் பலித்திருக்குமா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அறுவையே தவறு என்று நான் சொல்லவில்லை. உண்மையிலேயே அது தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் அப்படி ஒருவனாக இருந்திருக்கலாம். ஆனால் எடுத்த தோலைத் திரும்ப வைக்க முடியாது என்பதால், எடுக்கும் முன் வேறு வழி உண்டா என்று சொல்வது அவர்கள் கடமை.

அறுவை நாளன்று உடை மாற்றிப் படுக்கையில் உட்கார்ந்த பிறகுதான் ஒப்புதல் படிவத்தை நீட்டினார்கள். எட்டுப் பக்கம். கண்ணாடியை அலமாரியில் வைத்துப் பூட்டியாகிவிட்டது. படிக்காமலே கையெழுத்திட்டேன். ஆண்குறியின் அடியில் மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகுதான் “ஸ்டேப்ளர் எடுங்கள்” என்ற குரல் கேட்டது. லேசர் என்று ஒன்று அந்த அறையிலேயே இல்லை. தோலை வெட்டி, அதே நேரத்தில் சின்னக் கம்பிகளால் இணைத்துவிடும் ஸ்டேப்ளர் மோசமான கருவி அல்ல. நல்ல மருத்துவர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஒன்றைச் சொல்லி மற்றொன்றைச் செய்ததுதான் எனக்கு ஆறவில்லை.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேனா, சின்னக் காயத்துக்கே ரத்தம் நிற்காமல் போகுமா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்படி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்திவிடவும் கூடாது. அதை எழுதிக்கொடுத்த மருத்துவரும் அறுவை செய்கிறவரும் பேசி முடிவெடுக்க வேண்டும்.

அன்றிரவை மறக்க முடியவில்லை. பதினொரு மணிவாக்கில் மரப்பு முழுவதும் விட்டுப்போனது. இரண்டு மணிக்கு, தூக்கத்தில் இயல்பாக வரும் விறைப்பு வந்து என்னை எழுப்பியது. காயத்தை இருபுறமும் பிடித்து இழுப்பதைப் போன்ற வலி. விளக்கைப் போட்டால் கட்டு முழுவதும் சிவப்பு. என் மனைவி துணியை மடித்துக் கொடுத்தாள். அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஐந்து நிமிடத்துக்கொரு தடவை எடுத்துப் பார்த்தேன், அதுவும் தவறு. பத்துப் பதினைந்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. கிளினிக் தந்த ‘24 மணி நேர உதவி’ எண்ணை அவள் ஏழு முறை அழைத்தாள். அலுவலக நேரத்தில் அழைக்கும்படி ஒரு பதிவுக் குரல் சொன்னது. அவ்வளவு நேரமும் அந்தக் குரல் அதே கனிவோடு பேசிக்கொண்டிருந்தது.

ஒரு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனோம். பணியிலிருந்த இளம் மருத்துவர் கட்டைப் பிரித்ததும் கேட்ட முதல் கேள்வி, “உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு?”

“எனக்குச் சர்க்கரை கிடையாது, டாக்டர்.”

“எப்போது பார்த்தீர்கள்?”

பதில் இல்லை. விரல் நுனியில் குத்திப் பார்த்தார்கள். 286. தோலுக்கடியில் கட்டியிருந்த ரத்தத்தை எடுத்துவிட்டு, கசிந்துகொண்டிருந்த ஒரு குழாயைக் கட்டி, மூன்று தையல் போட்டார். முடித்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசினார். அறுவைக்கு முன்பு எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய பத்து நிமிடம் அது. பிற்பாடு எடுத்த, மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் HbA1c 9.4 சதவீதம் இருந்தது. அந்த அளவில் புண் ஆறத் தாமதமாகும், தொற்றும் எளிதில் வரும். அவசரமில்லாத அறுவையென்றால் சர்க்கரையைக் குறைத்துவிட்டுத்தான் நாள் குறிப்பார்கள்.

அவர் சொன்னவற்றில் எனக்கு உண்மையிலேயே பயன்பட்டவை இவை. வீக்கம் முதல் சில நாட்கள் கூடிக்கொண்டே போகும். ஆண்குறியை வயிற்றுப் பக்கமாக மேல்நோக்கி இருத்தி, சற்றே பிடிப்பான உள்ளாடை போட்டால் குறையும். காயத்தின் வரியில் மஞ்சளாக ஓர் ஏடு படியும். சீழ் என்று நினைத்து அதைத் தேய்த்து எடுக்கக் கூடாது. ஆறும்போது அப்படித்தான் படியும். ஆண்குறியின் மொட்டு துணியில் ஒட்டாமலிருக்க வாசலின் தடவலாம். படுக்கும் முன் சிறுநீர் கழித்துவிட்டால் இரவு விறைப்பின் தொல்லை குறையும். வந்துவிட்டால் எழுந்து நாலு அடி நடந்தால் அடங்கும். மறுநாள் வேலைக்குப் போகலாம் என்பது பச்சைப் பொய். உட்கார்ந்து செய்யும் வேலைக்கே எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. உடலுறவும் சுயஇன்பமும் ஆறு வாரத்துக்கு வேண்டாம் என்றார். நாலாவது வாரத்தில் எல்லாம் ஆறிவிட்டதைப்போலத் தெரியும், அதை நம்பி அவசரப்பட்டால் வெட்டுவாய் பிரிந்துவிடும்.

உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகளையும் தனித்தாளில் எழுதிக் கொடுத்தார். அழுத்தியும் நிற்காத ரத்தம், சிறுநீர் போக முடியாமை, மொட்டு நீலமாகவோ கறுப்பாகவோ மாறுதல், 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், பரவிக்கொண்டே போகும் சிவப்பு, துர்நாற்றத்தோடு கசிவு. அந்தத் தாள் இன்னும் என் மேசை அறையில் இருக்கிறது.

ஸ்டேப்ளர் கம்பிகள் சில வாரங்களில் தாமாக விழுந்துவிட வேண்டும். எனக்கு ஐந்து வாரம் கழித்தும் ஒன்பது கம்பிகள் தோலில் புதைந்து கிடந்தன. அதே மருத்துவமனையில் மரப்பு மருந்து போட்டுச் சிறு இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ஒவ்வொன்றும் எஃகுத் தட்டில் விழும் ஓசையை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். அரிசிமணியில் பாதிகூட இருக்காது.

கிளினிக்குக்கு நேரில் போய் என் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டேன். ஒரே ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் ‘லேசர் முறையில் முன்தோல் நீக்கம், நோயாளி நலமாக வீடு திரும்பினார்’ என்று இருந்தது. கையெழுத்தைப் படிக்க முடியவில்லை. எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறேன்.

நாள் குறித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இதைப் படித்தால், நாளைக் காலையிலேயே வெறும் வயிற்றில் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். காரணம் என்ன, களிம்பு போதுமா, எந்தக் கருவி, தோலைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். மருத்துவர்கள் இதையெல்லாம் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள், வெட்கம் நம்மிடம் மட்டும்தான் இருக்கிறது. ஒப்புதல் படிவத்தை முந்தின நாளே வாங்கி வீட்டில் வைத்துப் படியுங்கள். அவர்கள் கொடுத்த அவசர எண்ணை இன்றிரவு இரண்டு மணிக்கு ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.