அடுத்த தலைவர் யாரு? சீனியரா, வாரிசா, மாஸ் முகமா, ஆளைக் கையில வச்சிருக்கறவரா

ஒரு கட்சித் தலைவருக்கு உடம்பு சரியில்லைன்னு நியூஸ் வந்தா போதும், இல்ல ஒரு தேர்தல்ல மண்ணைக் கவ்வினா போதும், அடுத்து இவர்தான்னு ஒருத்தர் ஆரம்பிப்பார், சான்ஸே இல்ல அவர்தான்னு இன்னொருத்தர் வருவார். ரெண்டு பேரும் யாருக்கு மக்கள்கிட்ட மவுசு ஜாஸ்தின்னுதான் சண்டை போடுவாங்க. ஆனா தலைவரைத் தேர்ந்தெடுக்கறது மக்களா என்ன? முதல் ரவுண்டுல ஓட்டு போடறது எம்எல்ஏக்கள், இல்லேன்னா பொதுக்குழு. மக்கள் வர்றது ரெண்டாவது ரவுண்டுலதான், அதுவும் தேர்தல்னு ஒண்ணு வந்தா. இந்த ரெண்டு ரவுண்டுக்கும் நடுவுல எவ்வளவு நாள் இருக்குங்கறதுதான் பாதி விஷயத்தை முடிவு பண்ணுதுன்னு எனக்குத் தோணுது. நம்ம ஊர் கதைகளையே எடுத்து வரிசையா பார்க்கலாம்.

முதல்ல சீனியர். எப்பவும் லிஸ்ட்ல முதல் பேரு இவருதான், எப்பவும் கோட்டை விடறதும் இவருதான். நாவலர் நெடுஞ்செழியனை விட இதுக்கு உதாரணம் வேணுமா? தம்பி வா, தலைமை ஏற்க வான்னு அண்ணாவே கூப்பிட்டவர். 1969 பிப்ரவரி 3 அண்ணா இறந்ததும் தற்காலிக முதல்வர் ஆனார், ஒரே வாரத்துல, பிப்ரவரி 10-ம் தேதி, கருணாநிதி முதல்வர் ஆயிட்டார். அப்புறம் 1987 டிசம்பர் 24 எம்ஜிஆர் இறந்தப்போ, இந்தத் தடவை அதிமுகவுல, மறுபடியும் தற்காலிக முதல்வர் அதே நாவலர்தான், மறுபடியும் நாற்காலி வேற ஒருத்தருக்குப் போச்சு. ரெண்டு கட்சி, ரெண்டு பெரிய சாவு, ரெண்டு தடவையும் சாவியைக் கொஞ்ச நாள் வச்சிருந்து ஒப்படைச்சவர். சீனியரை எல்லாரும் மதிக்கறாங்க, ஆனா அவருக்காக ஓடி ஓடி கையெழுத்து வாங்க ஆள் இருக்காது. 1969-ல கருணாநிதிக்கு எம்எல்ஏக்கள் சப்போர்ட் மட்டுமில்ல, எம்ஜிஆர் சப்போர்ட்டும் இருந்தது. இன்னொரு சுவாரஸ்யம், அதுவரைக்கும் திமுகவுல தலைவர்ங்கற நாற்காலியைப் பெரியாருக்குன்னு அண்ணா காலியாவே விட்டிருந்தார், பொதுச்செயலாளர்தான் டாப். 1969-ல அந்தக் காலி இடத்துல கருணாநிதி உட்கார்ந்தார், நாவலர் பொதுச்செயலாளர். ரெண்டு பேர் முட்டிக்கிட்டா போஸ்டிங்கை ரெண்டாக்கிடறது நம்ம கட்சிகளோட பழைய வைத்தியம், பல தடவை வலியைத் தள்ளிப் போடுமே தவிர நோய் போகாது.

அடுத்து மாஸ் முகமும் குடும்பமும் நேருக்கு நேர் மோதினது, 1988. எம்ஜிஆர் மனைவி ஜானகி பக்கம் எம்எல்ஏக்கள்ல பெரும்பாலானவங்க, ஆர்.எம்.வீரப்பன் மாதிரி கட்சியை நடத்தினவங்க. ஜெயலலிதா பக்கம் எம்எல்ஏ கம்மி, ஆனா 1983-லேர்ந்து கொள்கை பரப்புச் செயலாளரா ஊர் ஊரா போயிருந்ததால தொண்டன் பக்கம் பலம். முதல் ரவுண்ட் ஜானகிக்குத்தான், ஜனவரி 7 முதல்வர் ஆனாங்க. ஆனா சட்டசபையில அடிதடி, ஜனவரி 30 ஆட்சியே கலைஞ்சுது, சரியா ஒரு வருஷத்துல, 1989 ஜனவரியில தேர்தல். இரட்டை இலையை முடக்கிட்டாங்க, ஜானகிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதாவுக்கு சேவல். திமுக ஜெயிச்சது வேற விஷயம், ஆனா சேவல் 27 இடம் வாங்கிச்சு, ஜானகி ஆண்டிபட்டியிலயே தோத்தாங்க. அவங்க ஒதுங்கிக்க, கட்சி சேர்ந்து இலையும் திரும்பி வந்துடுச்சு. இங்க கவனிக்க வேண்டியது, ஒரு வருஷத்துக்குள்ள தேர்தல் வந்ததாலதான் மாஸ் முகம் ஜெயிச்சது. அந்த ஆட்சி மட்டும் 1990 வரைக்கும் ஓடியிருந்தா என்ன ஆகியிருக்குமோ, எம்எல்ஏக்களை வச்சிருந்தவங்க கையிலயே கட்சி செட்டில் ஆகியிருக்கலாம்.

இது சும்மா கற்பனை இல்ல, ஜெயலலிதா இறந்த பிறகு 2017-ல அதிமுகவுல அதுதான் நடந்தது. ஓ.பன்னீர்செல்வமா எடப்பாடி பழனிசாமியா, அதாவது ஓபிஎஸ்ஸா இபிஎஸ்ஸா. என்னைக் கேட்டா இந்த மொத்த அலசல்லயும் படிக்க வேண்டிய மேட்ச் இதுதான். ஓபிஎஸ் மூணு தடவை முதல்வரா இருந்தவர், 2001, 2014, 2016, ஜெயலலிதாவே ரெண்டு தடவை உட்கார வச்சவர். பிப்ரவரி 7 ராத்திரி ஜெயலலிதா சமாதியில போய் தியானம் பண்ணிட்டு, அவங்க தோழி சசிகலாவுக்கு எதிரா பேசினதும் ஊரே அவர் பக்கம், ஃபேஸ்புக் பூரா அவர் பக்கம். இபிஎஸ் பேரு அப்போ பல பேருக்கு சரியாவே தெரியாது. ஆனா எம்எல்ஏக்கள் எங்க இருந்தாங்க? கூவத்தூர் ரிசார்ட்ல, சசிகலா பிடியில. பிப்ரவரி 14 சொத்துக் குவிப்பு வழக்குல சசிகலாவுக்குத் தண்டனை உறுதியாச்சு, 16 அவங்க கை காட்டின இபிஎஸ் பதவியேற்பு, 18 நம்பிக்கை ஓட்டு, 122-க்கு 11. முடிஞ்சது கதை.

இல்ல, முடியல, அதுக்கு மேலதான் சாமர்த்தியமே. ஆகஸ்ட்ல ரெண்டு அணியும் சேர்ந்தாங்க, ஓபிஎஸ் ஒருங்கிணைப்பாளர், இபிஎஸ் இணை ஒருங்கிணைப்பாளர், மறுபடியும் அதே ரெட்டை போஸ்டிங் வைத்தியம். பேப்பர்ல பார்த்தா ஓபிஎஸ்தான் பெரியவர். ஆனா அடுத்த நாலு வருஷம் ஃபைல், டெண்டர், டிரான்ஸ்ஃபர், மாவட்டச் செயலாளர் வேலைன்னு எல்லாரும் போய் நின்னது முதல்வர் வாசல்ல. சட்டசபைத் தேர்தல் 2021-லதான், அதுவரைக்கும் ஓபிஎஸ்ஸோட மவுசைத் தனியா அளந்து பார்க்க வாய்ப்பே வரல, அது அப்படியே கரைஞ்சு போச்சு. 2022 ஜூன்ல வானகரம் பொதுக்குழுவுல அவர் மேல தண்ணி பாட்டில் பறந்தப்போதான் பல பேருக்கு நிலவரம் புரிஞ்சுது. ஜூலை 11 அவரை நீக்கியாச்சு, 2023 மார்ச்ல இபிஎஸ் பொதுச்செயலாளர்.

சசிகலாவோட அக்கா மகன் தினகரன் இதுக்குள்ள ஒரு கிளைக் கதை. 2017 டிசம்பர்ல ஆர்.கே.நகர்ல குக்கர் சின்னத்துல 40,707 ஓட்டு வித்தியாசத்துல அடிச்சார், அன்னிக்கு ராத்திரி பேசினவங்க எல்லாம் கட்சியே அவர் பின்னாடி போயிடும்னாங்க. 2018-லயே சட்டசபைத் தேர்தல் வந்திருந்தா போயிருக்கலாம் கூட. 2021-ல அவர் ஆரம்பிச்ச அமமுகவுக்கு ஒரு சீட் கூட வரல.

வாரிசு விஷயத்துல எல்லாரும் ஒரே மாதிரி பேசறது எனக்கு எரிச்சல். ஸ்டாலினும் வாரிசு, அழகிரியும் வாரிசு, அப்போ ரத்தம் மட்டும் முடிவு பண்ணலையே. ஒருத்தர் எமர்ஜென்சியில மிசா சட்டத்துல ஜெயிலுக்குப் போய், இளைஞரணி, மேயர், துணை முதல்வர், 2017 ஜனவரியில செயல் தலைவர்னு படி ஏறி வந்து, 2018 ஆகஸ்ட்ல தலைவர் ஆகறப்போ மாவட்டச் செயலாளர் எல்லாம் ஏற்கனவே அவர் ஆள். இன்னொருத்தர் 2014-லயே நீக்கப்பட்டவர், அப்பா இறந்த மாசமே கோதாவுல குதிச்சு செப்டம்பர் 5 சென்னையில பேரணி எல்லாம் நடத்திப் பார்த்தார், கூட்டம் வந்தது, நிர்வாகிகள் வரல. வாரிசுங்கறது வரிசையில முன்னாடி நிக்க டோக்கன், அவ்வளவுதான்.

டெல்லி பக்கமும் இதே கணக்குதான். 1964-ல நேரு போனப்போ தேர்தலுக்கு மூணு வருஷம் பாக்கி, காமராஜர் எல்லார்கிட்டயும் பேசி யாருக்கும் ஆட்சேபணை இல்லாத சாஸ்திரியைக் கொண்டு வந்தார். 1966-ல சாஸ்திரி இறந்தப்போ தேர்தல் ஒரே வருஷத்துல, அதனால ஓட்டு இழுக்கற முகம் வேணும், கைக்கு அடக்கமாவும் இருக்கணும்னு சிண்டிகேட்ங்கற காங்கிரஸ் பெருந்தலைகள் கோஷ்டி கணக்கு போட்டு இந்திரா காந்தியைப் பிடிச்சாங்க, மொரார்ஜியை 355-க்கு 169-னு தோற்கடிச்சாங்க. முகம் பத்தின கணக்கு ஓரளவு சரி, அடக்கம் பத்தின கணக்கு நாலு வருஷத்துக்குள்ள கட்சியே ரெண்டா உடையற அளவுக்குத் தப்பு.

காங்கிரஸ் 2022 தலைவர் தேர்தலை இதோட சேர்க்க மனசு வரல, ஏன்னா ஓட்டு கேக்கற முகம் யாருங்கறது அங்க கேள்வியே இல்ல. கார்கே 7,897, தரூர் 1,072. ட்விட்டர்ல வச்சிருந்தா ரிசல்ட் தலைகீழா வந்திருக்கும். ஆனாலும் 2000-ல சோனியாவை எதிர்த்து நின்ன ஜிதேந்திர பிரசாதா வாங்கின 94 ஓட்டைப் பார்த்தா, தரூர் வாங்கினது அந்தக் கட்சிக்கு நிஜமாவே பெரிய நம்பர்.